பத்து நிமிட சர்வரும் பத்து வருடப் பொறுப்பும்

"பத்தே நிமிடத்தில் சொந்தமாக ஒரு சமூக வலைத்தளம்!"

லினக்ஸ் பழகிய ஆறாவது மாதத்தில் பலருக்கும் வருகிற ஆசை இது. மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு விபிஎஸ், ஒரு டொமைன், ஒரு சனிக்கிழமை இரவு. விடிந்தால் மார்க் சக்கர்பர்க்குக்குப் போட்டி தயார். அப்புறம் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு அழைப்பு: "எல்லாரும் இங்கே வாங்க மச்சி, இது நம்ம இடம்."

பிரச்சினை அந்தச் சனிக்கிழமையில் இல்லை. அந்த அழைப்பில் இருக்கிறது.

ஆசை தப்பில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடலாம். 2010-ல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர், ஃபேஸ்புக்குக்கு மாற்றாக டயஸ்போரா என்று ஒன்றைச் செய்வதாகச் சொல்லி கிக்ஸ்டார்ட்டரில் 10,000 டாலர் கேட்டார்கள். வந்து குவிந்தது 2 லட்சம் டாலருக்கும் மேல். அதே வருடம் செப்டம்பரில் நிரலை வெளியிட்டார்கள். பிரித்துப் பார்த்தவர்கள் முதலில் எடுத்து வெளியே போட்டது பாதுகாப்பு ஓட்டைகளை! 2012-ல் திட்டத்தைத் தன்னார்வலர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். தொடங்குகிறவனுக்குக் கைதட்டலும் காசும் கிடைக்கும், தினமும் பார்த்துக்கொள்கிறவனுக்கு இரண்டும் கிடைக்காது என்பதுதான் அந்தக் கதை.

இன்றைக்கு இந்த ஆசைக்குப் பெயர் பெரும்பாலும் மாஸ்டடான். 2016-ல் வந்த கட்டற்ற மென்பொருள். 2019 நவம்பரில், வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்ட கோபத்தில் இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் அங்கே போனது. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் உலகமே போனது. மாதம் 3 லட்சம் பேர் புழங்கிய இடத்தில் நவம்பரில் 25 லட்சம் பேர்.

சரி, நிறுவுவதில் என்ன இருக்கிறது? டெபியனோ உபுண்டுவோ போட்ட ஒரு சர்வர். அதில் ரூபி, நோட்.ஜேஎஸ், தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரெஸ், வரிசையில் நிற்கும் வேலைகளுக்கு ரெடிஸ், வாசலில் என்ஜின்எக்ஸ், பூட்டுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ். வழிகாட்டியைப் பார்த்து வரிவரியாக ஒட்டினால் ஓடிவிடும். ஓடாவிட்டால் பெரும்பாலும் ராம் போதாது. அவ்வளவுதான்.

வழிகாட்டி முடிகிற இடத்தில்தான் வேலையே தொடங்குகிறது.

வட்டு நிரம்பும். உள்ளே இருக்கிற அறுபது பேர் போட்ட படங்களால் அல்ல. அவர்கள் பின்தொடரும் வெளி சர்வர்களின் படங்களையும் உங்கள் சர்வர் நகலெடுத்து வைப்பதால். அதை அவ்வப்போது கழிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் ஒரு நாள் தரவுத்தளம் எழுத இடமில்லாமல் நின்றுவிடும்.

மின்னஞ்சல் போகாது. 25-ம் எண் போர்ட்டை மூடி வைத்திருக்கும் விபிஎஸ் நிறுவனங்கள் நிறைய. கடவுச்சொல் மறந்தவர் ஸ்பேம் பெட்டியைத் துழாவிக்கொண்டிருப்பார்.

ஓட்டை வரும். 2023 ஜூலையில் மோசில்லா செலவில் மாஸ்டடானைத் தணிக்கை செய்தபோது, விஷமமாகத் தயாரித்த ஒரு மீடியா கோப்பை வைத்தே சர்வரில் இருக்கும் கோப்புகளை மாற்றி எழுத முடியும் என்று கண்டுபிடித்தார்கள். 2024 பிப்ரவரியில் இன்னொன்று, அடுத்தவர் கணக்கையே கைப்பற்றும் வகை. இரண்டுக்கும் திருத்தம் வந்த அன்றே புதுப்பித்தாக வேண்டும். செமஸ்டர் பரீட்சை நடக்கிறது என்று எந்த ஓட்டையும் காத்திருக்காது.

பேக்கப் வேண்டும். தரவுத்தளம், ஏற்றிய படங்கள், ரகசியச் சாவிகள் இருக்கும் அமைப்புக் கோப்பு, மூன்றும் வேண்டும். அதே வட்டில் எடுத்து வைத்த நகல் பேக்கப் ஆகாது. வீடு எரிந்தால் பீரோவும் சேர்ந்துதான் எரியும்.

இதெல்லாம் நிர்வாகியின் தலைவலி, மற்றவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோகலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். போகலாம். பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது. அதைவிட முக்கியம், "இவர் அங்கே போய்விட்டார்" என்று ஊருக்கு அறிவிக்க வேண்டியது பழைய சர்வர். அது செத்துப்போயிருந்தால் அறிவிப்பதற்கு ஆளில்லை. பதிவும் போச்சு, பின்தொடர்ந்தவர்களும் போச்சு.

2023 பிப்ரவரியில், 12,000 பேர் அளவுக்கு இருந்த மாஸ்டடான்.லோல் என்ற சர்வரை அதன் நிர்வாகி மூடப்போவதாக அறிவித்தார். தனக்கு வந்த வசைகளைத் தாங்க முடியவில்லை என்பது காரணம். அவரைக் குறை சொல்ல முடியாது, மூன்று மாதம் அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் போனார். குயர்.ஏஎஃப் சர்வருக்கு அந்த அவகாசம்கூட இல்லை. ஏஎஃப் என்பது ஆப்கானிஸ்தானின் டொமைன். 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அதை முடக்கியது. சர்வர் நன்றாகத்தான் இருந்தது, முகவரிதான் இல்லை. பெயர் அழகாக இருக்கிறது என்று டொமைன் வாங்குகிறவர்கள் கவனிக்க. மாஸ்டடானில் ஒருமுறை வைத்த டொமைனைப் பிறகு பாதுகாப்பாக மாற்ற வழி கிடையாது.

அடுத்தது, "இது நம்ம இடம்" என்ற வசனம். யாருடைய இடம்? ரூட் கடவுச்சொல் வைத்திருப்பவருடைய இடம். மாஸ்டடானில் தனிச்செய்திகள் இருமுனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. நிர்வாகி நினைத்தால் தரவுத்தளத்தைத் திறந்து படிக்கலாம். கலிபோர்னியாவில் இருக்கும் கம்பெனி ஊழியருக்கு, உங்கள் வகுப்பில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதில் அக்கறையில்லை. பக்கத்து பெஞ்சில் இருக்கும் நிர்வாகிக்கு இருக்கும்! அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். 2023 மே மாதம் அமெரிக்காவில் கொலெக்டிவா என்ற சர்வரின் நிர்வாகி ஒருவர் வீட்டில், சர்வருக்குச் சம்பந்தமே இல்லாத வழக்கில் எஃப்பிஐ சோதனை போட்டது. பூட்டப்படாத தரவுத்தள நகல் ஒன்றும் அள்ளிக்கொண்டு போனதில் சேர்ந்து போனது. நல்லவராக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது சாட்சி.

"பெரிய கம்பெனிகள் மட்டும் மூடவில்லையா?" என்ற கேள்வி வரும். மூடினார்கள். ஆர்குட் 2014-ல், கூகுள் பிளஸ் 2019-ல், கூ 2024-ல். ஆனால் ஆர்குட்டும் கூகுள் பிளஸும் தேதி சொல்லி, தரவை இறக்கிக்கொள்ள அவகாசமும் கொடுத்தே மூடின. இலாபத்துக்கு நடத்தியவன் சொல்லிவிட்டுப் போனான். சுதந்திரம் பேசியவன் விபிஎஸ் பில் கட்ட மறந்து, சொல்லாமல் போகலாமா?

பி.காம். படிப்பவர்களுக்கு முதல் வருடமே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: நிறுவனத் தொடர்ச்சி அனுமானம். வியாபாரம் நாளைக்கும் நடக்கும் என்று வைத்துத்தான் கணக்கே எழுதப்படுகிறது. அது சந்தேகம் என்றால் தணிக்கையாளர் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். வகுப்பு சர்வருக்குத் தணிக்கையாளர் கிடையாது. நிர்வாகியே கடைசி வருடம். வேலை பெங்களூரில் கிடைத்தால் சர்வர் யாருக்கு?

விடை புதிதாகத் தேட வேண்டியதில்லை. மாஸ்டடான் திட்டம் தன் பட்டியலில் ஒரு சர்வரைச் சேர்க்கவே சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது: தினசரி பேக்கப், அவசரத்துக்கு உள்ளே நுழையக்கூடிய இரண்டாவது ஆள், வெறுப்புப் பேச்சைக் கண்காணித்து நீக்குதல், மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே அறிவிப்பு. இந்த நான்கையும் எழுதி முகப்பில் போட முடியாதவர் யாரையும் அழைக்கக் கூடாது. அவ்வளவுதான் கோரிக்கை.

அப்படியானால் கற்றுக்கொள்ளவே வேண்டாமா? தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம், தனக்கு மட்டும் என்று நிறுவி. கோடுசோஷியல் போன்ற சின்ன மென்பொருள்கள் எஸ்கியூலைட் தரவுத்தளத்தோடு சாதாரண விபிஎஸ்ஸிலேயே ஓடும். ஒரு வருடம் புதுப்பித்து, ஒருமுறையாவது பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்துப் பார்த்த பிறகு கதவைத் திறக்கலாம். அதுவரை உடைந்தால் ஒருவருடைய பதிவுகள்தான் போகும். அது அவருடையதாகவே இருக்கும்.

பி.கு.: சொந்த சர்வர் வைத்திருப்பவரைப் பார்த்தால் எத்தனை நிமிடத்தில் நிறுவினார் என்று கேட்காதீர்கள். கடைசியாக எப்போது பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தார் என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தால், அழைப்பை ஏற்க நீங்களும் யோசியுங்கள்.