அத்தைக்கு ஒரு ஞாபகப் பாடம்

போன இதழில் பிள்ளைகளின் டிபன் டப்பாவைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை வீட்டுப் பெரியவர்களின் மறதி. "வயசாச்சுல்ல" என்று ஒரே வார்த்தையில் நாம் முடித்துவிடுகிற விஷயம்.

மறதியிலும் வகை உண்டு, சகோதரிகளே. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் சொன்ன சேதியையே அரை மணிக்குள் திரும்பச் சொல்வது, போட்ட மாத்திரையை மறுபடி போடப் போவது, பழகினவர்களின் பேர் நழுவுவது இதெல்லாம் முன்னைவிட அதிகமாகி, அதே சமயம் குளியல், சமையல், கோயில் என்று தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறது என்றால், அதற்கு 'மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்' என்று டாக்டர் சீட்டில் எழுதுவார். லேசான அறிவாற்றல் குறைவு என்று அர்த்தம். இது டிமென்ஷியா இல்லை. சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குச் சரியாகியும் போகும், சிலருக்கு நாளாவட்டத்தில் டிமென்ஷியாவாக முற்றும்.

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 71 வயசு. டாக்டர் எடுத்த எடுப்பில் மருந்து எழுதவில்லை. பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். காது கேட்கிறதா, தூக்கம் எப்படி, மனசில் ஏதும் வருத்தமா என்று விசாரித்தார். வீட்டிலிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். இதில் எது ஒன்றும் மறதியைக் கூட்டலாமாம். தூக்கத்துக்கும் ஜலதோஷத்துக்கும் போடுகிற சில மாத்திரைகளே மூளையை மந்தமாக்கிவிடும். சுத்த சைவக்காரர்களுக்கு பி12 குறைவது சகஜம். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் பயிற்சி.

எங்களுக்குப் பிரயோசனப்பட்ட ஒரு பயிற்சியை விவரமாகச் சொல்கிறேன். பீரோ சாவியை அத்தை தினம் ஓர் இடத்தில் வைத்துவிட்டு, வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணைச் சந்தேகப்படும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே நின்றுவிடுகிறேன் என்றாள். அதனால் பூஜை அலமாரி பக்கத்தில் ஓர் ஆணி அடித்தோம்.

"சாவி எங்கே இருக்கும், அத்தை?"

"பூஜை அலமாரி ஆணியில."

சொல்லிக் கொடுத்ததும் ஒரு தடவை கேட்க வேண்டும். பிறகு 1 நிமிஷம் கழித்து, அப்புறம் 2, 4, 8, 16 என்று இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் கீரை ஆயலாம், ஊர்க்கதை பேசலாம். பதில் வரவில்லை என்றால் "நல்லா யோசிங்க" என்று இழுக்கக் கூடாது. உடனே நாமே சொல்லி, அவர்களையும் சொல்லவைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். தப்பாக ஊகித்தால் அந்தத் தப்பே மனசில் படிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கையாலும் சாவியை மாட்டவைத்தேன். இரண்டு வாரத்தில் சாவி தானாக ஆணிக்குப் போயிற்று. வேலைக்காரப் பெண்ணும் நின்றுபோகவில்லை!

இப்படி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது நினைவுக்கு நல்லது என்று 1978-ல் லாண்டவர், பியார்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பிற்பாடு அதையே மறதி உள்ளவர்களுக்கும் பயன்படுத்தினார்கள்.

வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்கிறார்களே, அது பயிற்சி இல்லை, பரீட்சை. "பள்ளிக்கூடத்துலகூட என்னை இப்படி நிக்கவச்சுக் கேட்டதில்ல, அம்மாடி" என்று அத்தை அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. வருகிறவர்கள் பேரையும் உறவையும் சொல்லிக்கொண்டே உள்ளே வரட்டும்.

அடுப்பை அணைக்க ஒருநாள் மறந்ததால், அத்தையை இனிமேல் சமைக்கவிட வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சமையல்தானே அவர்களுக்கு உள்ள பெரிய பயிற்சி? இப்போது அடுப்புப் பக்கம் ஒரு மணிக் கடிகாரம் இருக்கிறது, பற்றவைத்ததும் அதையும் திருகிவிட வேண்டும். கூடவே நானோ என் மகளோ அங்கே இருப்போம். கடைச் சாமான்களையும் சாம்பாருக்கு இன்னது, தாளிக்க இன்னது, பலகாரத்துக்கு இன்னது என்று பிரித்துச் சொல்வார்கள். வகை பிரித்தால் நினைவில் நிற்கிறது. மாத்திரைக்குக் கிழமை போட்ட டப்பா. போட்டதும் தினசரி காலண்டர் தாளில் ஒரு டிக்.

எது பழகுகிறோமோ அதுதான் தேறும். சாவி நினைவிருப்பதால் மற்றதெல்லாம் நினைவுக்கு வந்துவிடாது. பின்லாந்தில் மறதி வரும் அபாயம் அதிகம் உள்ள, 60 முதல் 77 வயசு வரையான 1,260 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2015-ல் வெளிவந்தது. சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாம் சேர்த்து இரண்டு வருஷம் செய்தவர்களுக்குச் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தது. எங்கள் வீட்டிலும் சாயங்கால நடை கட்டாயம். வல்லாரைத் துவையல் ருசிக்கு அரையுங்கள், அதையே வைத்தியமாக நம்பிவிடாதீர்கள்.

தெரிந்த தெருவில் வழி தவறுவது, காசு எண்ணுவதில் குழப்பம், குணம் மாறுவது இவை தெரிந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். மற்றபடி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்றார் எங்கள் டாக்டர். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால் அது வேறு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். என்ன மறந்தார்கள், எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதைப் பெரியவர்கள் கண்ணில் படாமல் வைப்பது நல்லது.