பல்லாங்குழி ஆடும் மூளை

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்களைப் பற்றிய செய்தி யாருக்கும் புதிதன்று. முறிவு கழுத்தில் என்றால் கைகளும் கால்களும் சேர்ந்து செயலிழக்கின்றன. சிகிச்சை, சக்கர நாற்காலி, உதவித்தொகை ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறோம். முப்பது வயதில் படுக்கையில் வீழ்ந்தவர் நீண்ட பகற்பொழுதை எப்படிக் கழிப்பார் என்று நாம் கேட்பதில்லை. விளையாட்டு அதற்கு ஒரு விடை. அற்பமான விடை என்று நான் கருதவில்லை.

2024 ஜனவரியில் அமெரிக்காவில் நோலண்ட் ஆர்பா என்ற இளைஞரின் மூளையில் நியூராலிங்க் நிறுவனத்தின் கருவி பொருத்தப்பட்டது. 2016-இல் நேர்ந்த நீர்நிலை விபத்தில் தோளுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். எண்ணத்தாலேயே சுட்டியை நகர்த்தி அவர் சதுரங்கம் ஆடியதை உலகம் வியந்து பார்த்தது; 'சிவிலைசேஷன்' என்ற கணினி விளையாட்டையும் அவர் விரும்பி ஆடினார். இரண்டுமே ஆடுபவர் முடிவெடுக்கும்வரை காத்திருக்கக்கூடிய, முறைவைத்து ஆடும் ஆட்டங்கள். வியப்பில் இதைப் பலர் கவனிக்கவில்லை.

அறுவை சிகிச்சை இல்லாத வழியும் உண்டு. 1988-இல் ஃபார்வெல், டோன்சின் என்ற ஆய்வாளர்கள் 36 கட்டங்களில் எழுத்துகளை வைத்து, மாறிமாறி ஒளிரச் செய்தனர். நாம் விரும்பும் எழுத்து ஒளிர்ந்தால், ஏறத்தாழ 300 மில்லிவிநாடி கழித்து மூளையில் ஒரு மின்னலை எழுகிறது. தலையில் அணியும் மின்முனைத் தொப்பி அதைப் பிடித்துவிடும். ஒருமுறை ஒளிர்ந்தால் போதாது, பலமுறை ஒளிரவேண்டும். ஆகவே ஒரு தேர்வுக்கே பல விநாடிகள் ஆகும். 247 எழுத்துகள் கொண்ட தமிழில் இப்படி எழுதுவது எத்தகைய தவம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் பல்லாங்குழிக்கு எழுத்துகள் வேண்டாம். பதினான்கு குழிகளில் ஆடுபவரின் பக்கம் ஏழு. ஏழில் ஒன்றைத் தேர்ந்தால் போதும்; முத்துகளை எடுத்து வரிசையாக இடுவதைக் கணினியே செய்யும். எதிரே அமர்ந்த மகளோ அண்டைவீட்டாரோ கையால் ஆடலாம். யோசிக்க நேரமெடுப்பது இந்த ஆட்டத்தின் இயல்பு என்பதால், தாமதம் குறையாகத் தெரியாது. வடிவமைப்பாளர் சேர்க்கவேண்டியவை சில: தவறான குழி தேர்வானால் மாற்றிக்கொள்ளும் வசதி, களைத்தால் நிறுத்தும் வசதி, கடிகாரம் இன்மை. தாயமும் ஆடுபுலியும் இவ்வாறே அமையும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக, எளிமைப்படுத்திய ஒரு பதிப்பை ஒதுக்கித் தருவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஆட்டம் ஒன்றே, உள்ளிடும் வழி வேறு என்றிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தலையை அசைக்கவும் விழியைத் திருப்பவும் இயன்றவர்களுக்கு மூளைக் கருவி தேவையில்லை. ஒற்றைப் பொத்தானோ விழிநோக்குக் கருவியோ விரைவானது, விலையும் குறைவு. பேச்சும் அசைவும் படிப்படியாக ஒடுங்கும் நரம்பு நோயாளிகளுக்கே மூளைவழி இன்றியமையாதது. எனினும் ஒரு நேரத்தில் ஒரு தேர்வு என்று அமைத்த ஆட்டம் அனைவருக்கும் பயன்படும். எனவே, கருவிக்குக் காத்திராமல் ஆட்டத்தை இன்றே வடிவமைக்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தகவல் தொழில்நுட்பத்திலும் அணுகலைக் கோருகிறது. அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக்கூடாது, கட்டாயமாக்கப்படவேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 2025-இன் இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்து, மின்விளையாட்டையும் சமூக விளையாட்டையும் ஊக்குவிக்க முற்படுகிறது. அந்த ஊக்குவிப்பில் ஒரு ரூபாயைப் பெறும் நிறுவனமும் அணுகல் தரத்தை நிறைவுசெய்யவேண்டும் என்று விதிக்கலாமே.

சோதனையைக் குளிரூட்டிய ஆய்வகத்தோடு முடித்துவிடக்கூடாது. வியர்வை மின்முனையின் சமிக்ஞையைக் கெடுக்கும். வீட்டு மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதில் கலக்கும். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சித்திரை வெயிலில், கழுத்தெலும்பு முறிந்தவர்களையே ஆடச்செய்து முதல் சோதனையை நடத்தலாம்.