வாணலியில் மிஞ்சியதே வண்டிக்கு!

அப்பளம் பொரித்த எண்ணெயில் லாரி ஓடுமா? இப்படிக் கேட்டால் நம் வீட்டுப் பாட்டிமார் சிரிப்பார்கள். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தாம். ஆனால் ஓடும், ஓடியும் இருக்கிறது. அதுவும் அடுத்த தெருவுக்கு அன்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு! அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலர் பழைய டீசல் வண்டிகளைத் தேடிப் பிடித்து வாங்கி, உணவு விடுதிகளில் வறுத்து மிஞ்சிய எண்ணெயை ஊற்றி, நெடும்பயணம் போய் வந்திருக்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வகுப்பில் இதைப் பற்றிச் சொற்போர் நடந்தது. இப்பயணங்கள் பயனுள்ளவையா, வீண் வேடிக்கையா என்பது தலைப்பு. மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தொடர்ந்தது. கடைசியில் எங்களுக்கு எது சரியெனப் பட்டதோ அதையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது இன்றைய இளைஞர்களின் புதுக் கிறுக்கு அன்று. டீசல் எந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தவர். 1897ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எந்திரம் வெற்றி கண்டது. 1900ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில், ஓட்டோ நிறுவனத்தார் வைத்திருந்த சிறிய டீசல் எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. அது தடங்கலின்றி ஓடியதால், பார்த்தவர்களில் வெகு சிலரே அதைக் கவனித்தார்களாம். இதை டீசலே 1912ஆம் ஆண்டு எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்காவில் தன் ஆட்சியிலிருந்த நாடுகளில் விளையும் கடலையைக் கொண்டே அங்கு எந்திரங்களை ஓட்டலாமா என்று பிரெஞ்சு அரசு அறிய விரும்பியதே அந்தச் சோதனைக்குக் காரணம். மண்ணெண்ணெயும் டீசலும் மலிவாகக் கிடைத்தபின் உலகம் கடலை எண்ணெயை மறந்துவிட்டது.

சரி, எண்ணெயை ஊற்றினால் மட்டும் வண்டி ஓடிவிடுமா? அங்கேதான் சங்கதி இருக்கிறது. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்து போவதை நாம் அறிவோம். உறையாத எண்ணெய்கூட டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு குழகுழப்பானது. எந்திரத்தின் நுண்ணிய துளைகள் வழியே அது பனித்துளிபோல் சிதறாது. சரியாக எரியாமல் கரி பிடிக்கும். ஆகவே இப்பயணிகள் வண்டியில் இரண்டு தொட்டிகள் வைக்கிறார்கள். ஒன்றில் டீசல், மற்றொன்றில் எண்ணெய். டீசலில் வண்டியைக் கிளப்புகிறார்கள். எந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் சூடேறியதும், அந்தச் சூட்டையே எண்ணெய்த் தொட்டிக்கும் குழாய்க்கும் செலுத்துகிறார்கள். எண்ணெய் நன்கு இளகியபின் ஒரு விசையைத் திருப்பி அதற்கு மாறுகிறார்கள். வண்டியை நிறுத்தும் முன் மறுபடி டீசலுக்கு மாறிவிட வேண்டும். மறந்தால் குழாய்க்குள் எண்ணெய் கெட்டிப்பட்டு, மறுநாள் காலையில் வண்டி அசையாது.

பழைய வண்டிதான் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. 1983 முதல் ஃபோர்டு எஃப்-250 வண்டிகளில் பொருத்தப்பட்ட 6.9 லிட்டர் டீசல் எந்திரம் போன்றவை முரட்டுப் பிள்ளைகள். எதைக் கொடுத்தாலும் ஓரளவு செரித்துக்கொள்ளும். மின்னணுக் கருவிகளும் மிகுந்த அழுத்தத்தில் தெளிக்கும் நுண்குழல்களும் கொண்ட இன்றைய எந்திரங்களோ பத்தியக்காரர்கள்.

வண்டியை மாற்றாமல் எண்ணெயை மாற்றும் வழியும் இருக்கிறது. மெத்தனாலும் காரமும் சேர்த்தால் எண்ணெயிலிருந்து கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்பது 'பயோடீசல்'. 1997ஆம் ஆண்டு ஜோஷுவா டிக்கெல் என்னும் அமெரிக்க இளைஞர், சூரியகாந்திப் பூக்கள் தீட்டிய வண்டியில் தம் நாட்டைச் சுற்றக் கிளம்பினார். விடுதிகளில் வாங்கிய பழைய எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்துகொண்டே அவர் போன தூரம் சுமார் 16,000 கிலோமீட்டர். 2007ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் பூல் நகரிலிருந்து இருவர் லாரியில் கிளம்பி, சகாராவைக் கடந்து, மாலி நாட்டின் திம்புக்துவை அடைந்தார்கள். அவர்களுடைய எரிபொருள் எதிலிருந்து வந்தது தெரியுமா? சாக்லேட் தொழிற்சாலைக் கழிவிலிருந்து!

இவற்றையெல்லாம் கேட்டபோது எங்களில் பாதிப்பேர் கைதட்டினோம். "செடி காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவைத்தான் அந்த எண்ணெய் திருப்பித் தருகிறது, பெட்ரோலியம்போல் பூமிக்கடியிலிருந்து புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை" என்று ஒருத்தி அழகாக எடுத்துரைத்தாள். உடனே லாரி ஓட்டுநரின் மகளான எங்கள் தோழி எழுந்தாள். "அப்பா ஓட்டுகிற புது லாரியில் இதை ஊற்றினால், முதலாளி அப்பாவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பொழுதுபோக்குக்குப் பயணம் போகிறவர்களுக்கு வண்டி வழியில் நின்றால் அது கதை. எங்களுக்கு நின்றால் அடுப்பு எரியாது" என்றாள். வகுப்பு அமைதியானது.

அதன்பின் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 6 கிலோமீட்டர் ஓடும் பழைய வண்டி என்று வைத்துக்கொண்டால் 750 லிட்டர் எண்ணெய் வேண்டும். எங்கள் வீடுகளில் சமையலுக்கு மாதம் 3 லிட்டர் செலவாகிறது. ஆண்டுக்கு 36 லிட்டர். அப்படியானால் ஒரு வண்டியின் ஒருவழிப் பயணம், ஒரு குடும்பம் ஏறத்தாழ 21 ஆண்டுகள் தாளித்துச் சாப்பிடும் எண்ணெய்! விடையைப் பார்த்து எங்களுக்கே திக்கென்றது.

நம் நாடு உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பாமாயில் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிந்த கதையை யாவரும் அறிவர். கடைக்குப் போய்ப் புத்தம்புது எண்ணெயை வாங்கி வண்டியில் ஊற்றினால், அது ஏழையின் சட்டியிலிருந்து எடுத்து ஊற்றுவதற்கு ஒப்பாகும். ஆகவே எங்கள் முடிவு இதுதான்: மனிதன் உண்ணத்தக்க எண்ணெய் வண்டிக்கு ஆகாது, உண்ணத்தகாத எண்ணெய் மனிதனுக்கு ஆகாது. மிஞ்சியதில் ஓடும் வரைதான் அப்பயணத்துக்குப் பெருமை.

மிஞ்சிய எண்ணெய் உலகத்து லாரிகளுக்கெல்லாம் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் விடுதிக்காரர்கள் எடுத்துப் போனால் போதும் என்று இந்த எண்ணெயைச் சும்மா கொடுத்தார்கள். பயோடீசலுக்குத் தேவை கூடியதும் அதற்கும் விலை வந்தது. இரவில் தொட்டியிலிருந்து திருடுபவர்களும் தோன்றிவிட்டார்கள். எனினும் இப்பயணிகள் ஒரு பெரிய பாடம் சொல்லித் தருகிறார்கள். நாம் பெட்ரோல் நிலையத்தில் பணம் கொடுத்ததும் கேள்வி முடிந்துவிடுகிறது. அவர்களோ ஒவ்வொரு ஊரிலும் அடுப்படி வாசலில் நின்று, கேட்டு வாங்கி, கசடு அடங்கும்வரை காத்திருந்து, துணியில் வடிகட்டிய பிறகே அடுத்த ஊருக்குப் போக முடியும். தம் வண்டி எதைத் தின்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். நாம் அறிவோமா?

இக்கேள்வி எங்களையே வந்து சுட்டது. சென்ற ஆண்டு நம் பள்ளி விற்பனை விழாவில் பஜ்ஜிக் கடை போட்டவர்கள் நாங்கள். மாலையில் இரண்டு டின்களில் கறுத்த எண்ணெய் மிஞ்சியது. வாசலுக்கு வந்த வியாபாரி ஒருவர் அதை எடை போட்டு எடுத்துக்கொண்டு பணம் தந்தார். ஏழை மாணவியர் நிதிக்கு இன்னும் கொஞ்சம் சேர்ந்ததே என்று நாங்கள் குதித்தோம். அந்த எண்ணெய் எங்கே போகிறது என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்கவில்லை. மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெய் உடலுக்குக் கேடு. தீய பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நம் நாட்டில் இருக்கிறது. எங்கள் டின்கள் எந்தத் தெருவோரக் கடையின் வாணலிக்குப் போயினவோ! அங்கே வடை வாங்கித் தின்ற குழந்தை யாரோ! நல்ல காரியத்துக்கென்று வாங்கிய அந்தப் பணத்தை நினைத்தால் இன்று எங்களுக்கு வெட்கமாயிருக்கிறது.

இதற்கு வழி இல்லாமலில்லை. பழைய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் பதிவு செய்தவர்கள் வந்து வாங்கிக்கொள்கிறார்கள். நம் விடுதிச் சமையலறையிலும், விழாக் கடைகளிலும் மிஞ்சும் எண்ணெயைத் தனியே டின்னில் சேர்த்து, இனி அவர்களிடமே ஒப்படைக்கலாமே என்று அன்புள்ள சகோதரிகளைப் பணிவுடன் வேண்டுகிறோம். விலை குறைந்தாலும் பரவாயில்லை. அடுத்த விழாவில் அந்தக் குறையை ஈடுகட்டுமளவு பஜ்ஜி போட நாங்கள் தயார்! பெற்றோரே, வீட்டில் ஒருமுறை பொரித்த எண்ணெயைப் பத்துமுறை சூடாக்காதீர்கள் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

தோழியரே, திம்புக்துவரை லாரியில் போகும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கிடைத்தால் நல்லதுதான்; நாங்கள் முதலில் கை தூக்குவோம். ஆனால் நம் சமையலறை டின் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அதுவே நாம் அனுப்பி வைத்த முதல் நெடும்பயணம் அன்றோ!

— மாணவியர், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு