கருமுட்டையை எண்ணினால் போதுமா?

மாணவர்களே, உயிரியல் பாடத்தில் சூலகத்தின் படத்தை வரைந்திருப்பீர்கள். நுண்ணறைக்கு ஒரு வட்டம், கருமுட்டைக்கு ஒரு புள்ளி. பெயர் குறித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், அந்தப் படம் நுண்ணறையை வெறும் பையாகக் காட்டிவிடுகிறது. இது சிறிய குறை அல்ல என்பது என் கருத்து.

1672இல் நெதர்லாந்து மருத்துவர் ரெனியே டி கிராஃப் நுண்ணறைகளையே முட்டைகள் என்று அழைத்தார். உள்ளே இருக்கும் உண்மையான முட்டையை 1827இல்தான் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் ஒரு நாயின் நுண்ணறையில் கண்டறிந்தார். மனிதரில் முதிர்ந்த நுண்ணறை ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் இருக்கும், முட்டையோ 0.1 மில்லிமீட்டர்தான். அப்படியானால் மற்ற இடமெல்லாம் எதற்கு?

முட்டையைச் சூழ்ந்துள்ள கிரானுலோசா உயிரணுக்கள், அதன் உறையை ஊடுருவி மெல்லிய இழைகளை நீட்டுகின்றன. முட்டையால் குளுக்கோசை நேரடியாக நன்கு பயன்படுத்த முடியாது. அவ்வுயிரணுக்களே அதைப் பைருவேட்டாக மாற்றி ஊட்டுகின்றன. உரிய காலம் வரும்வரை முட்டையின் உயிரணுப் பிரிவைத் தடுத்து வைப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. பதிலுக்கு முட்டையும் அவை வளர்வதற்கான புரதங்களைச் சுரக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் கெட்டால் முட்டையின் தரமும் கெடும்.

இது தேர்வோடு முடிந்துவிடும் செய்தியல்ல. சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல், 21 முதல் 37 வயது வரையிலான பெண்கள் மருத்துவக் காரணமின்றியும் கருமுட்டையை உறையவைக்கலாம். அதற்குமுன் செய்யப்படும் ஏஎம்எச் இரத்தப் பரிசோதனை, சிறு நுண்ணறைகள் சுரக்கும் ஹார்மோனை அளக்கிறது. ஸ்கேன், நுண்ணறைகளின் எண்ணிக்கையையும் அளவையும் காட்டுகிறது. இரண்டுமே முட்டையின் தரத்தைச் சொல்வதில்லை.

ஒரு பெண்ணின் முட்டைகள் அவர் பிறக்கும் முன்பே உருவானவை. நெடுங்காலக் காத்திருப்பில், குரோமோசோம்களைப் பிணைத்து வைத்திருக்கும் புரதங்கள் தளர்கின்றன. 35 வயதுக்குப் பிறகு குரோமோசோம் பிழைகள் வேகமாகக் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெரிய நுண்ணறைக்குள்ளும் இத்தகைய முட்டை இருக்கலாம்.

நாளை உங்கள் அக்காவோ சித்தியோ பரிசோதனை எண்ணைப் பார்த்து மகிழலாம், கலங்கலாம். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அடுத்தமுறை படம் வரையும்போது, புள்ளியைச் சுற்றி அந்த இழைகளையும் வரையுங்கள்.