காக்கும் வண்ணமும் மறைக்கும் வண்ணமும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் மொழி. அம்மொழியை ஊர்திகளுக்கும் பொருத்திப் பார்க்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணை வழியாகத் தாம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்ப்போமாயின், தொழிற்சாலை தந்த நிறத்தைக் களைந்து புதுநிறம் பூண்ட கார்களையும், முன்னும் பின்னும் வேறு வடிவம் பெற்ற கார்களையும் காணலாம். உழைத்துச் சேர்த்த பொருளை இவ்வாறு உடற்கூட்டுக்கும் வண்ணத்துக்கும் செலவிடுவது தகுமா? இவ்வினாவை மாணவச் செல்வங்களோடும் சமுதாயப் பெரியோரோடும் சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

ஊர்திக்கு வேண்டியவாறு உடல் கட்டுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. 1840ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய சிம்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டிப் பெயர்பெற்றது. இன்றும் கரூர் நகரில் பேருந்துகளுக்கு உடல் கட்டும் தொழில் பல குடும்பங்களை வாழ்விக்கிறது. அங்கே அடிச்சட்டம் ஓரிடத்தில் பிறக்கிறது. உடல் வேறிடத்தில் உருப்பெறுகிறது. பயணியின் தேவையே அவ்வுடலின் வடிவை முடிவு செய்கிறது. ஆகவே அச்செலவு தேவையின்பாற்பட்டது.

தாம்பரத்துக்கு அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஆலை நடத்திய நாள்களைப் பெரியோர் சிலர் நினைவுகூரக்கூடும். அந்நிறுவனம் 1961 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தயாரித்த ஹெரால்டு காரில் அடிச்சட்டம் தனி, உடல் தனி. உடற்பகுதிகளைத் திருகுமறை கழற்றி எடுத்துச் செப்பனிட்டு மீண்டும் பூட்டலாம். இற்றை நாளில் வரும் கார்களோ அவ்வாறல்ல. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் உடற்கூடே எலும்புக்கூடாகவும் விளங்குகிறது. மோதலின் விசையை எவ்விடத்தில் தாங்க வேண்டும், எவ்விடத்தில் மடங்கிக்கொடுக்க வேண்டும் என்று கணித்துச் செய்யப்பட்ட கூடு அது. அழகுக்காக அதனை அறுத்து ஒட்டுவது, தூணைச் செதுக்கிச் சிற்பம் காண முயல்வதை ஒக்கும்.

சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக ஊர்தியை மாற்றுதல் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. முன்புறம் பொருத்தும் 'புல்பார்' கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மைய அரசு 2017 திசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. நிறம் மாற்றலாம், ஆயின் அம்மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் பதிந்துகொள்ள வேண்டும்.

இனி, பள்ளிக்கரணைக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருவோம். 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலத்தின் கரையில் அமைந்த ஊர் இது. நீர் தங்குவதற்கென்று இயற்கை வகுத்த தாழ்நிலத்தில் வீடுகள் எழுந்தமையால் பெருமழை பெய்யுந்தோறும் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. 2015 திசம்பரில் வந்தது. மிக்ஜாம் புயலின்போது, 2023 திசம்பர் 4ஆம் நாள், இவ்வூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கார்கள் காகிதக் கப்பல்களைப்போல் மிதந்து சென்ற காட்சியை நாடே கண்டு திகைத்தது.

அவ்வெள்ளத்தில் நாம் அறிந்த குடும்பம் ஒன்றின் காரும் இருக்கை மட்டும் மூழ்கியது. ஓய்வுபெற்ற தந்தை தம் சேமிப்பில் வாங்கிய வண்டி அது. 'எப்படியும் செலவு செய்யப் போகிறோம். புதுநிறம் அடித்து, முகப்பையும் மாற்றிவிடுவோம்' என்றார் மகன். பட்டறையில் இருந்த முதிய டிங்கர் கதவின் அடிவிளிம்பை விரலால் தட்டிப் பார்த்தார். 'தம்பி, துரு உள்ளேயிருந்து வருகிறது. மேலே எந்தக் கலர் அடித்தாலும் அடுத்த மழைக்குள் கொப்புளம் கிளம்பும்' என்றார். ஒரு நூலின் சாரம் அவ்விரு தொடர்களில் அடங்கியிருந்தது.

தொழிற்சாலையில் காரின் கூட்டை முழுமையாகத் தொட்டியில் அமிழ்த்தி, மின்னோட்டத்தின் துணையால் அடிப்பூச்சு ஏற்றுகின்றனர். அப்பூச்சு இடுக்குகளிலும் உட்பொந்துகளிலும் புகுந்து இரும்பைக் காக்கிறது. வெளியே மின்னும் வண்ணம் உள்ளிட்ட அத்தனை பூச்சுகளும் சேர்ந்தாலும் அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. அந்த அடிப்பூச்சை அதே வகையில் எந்தத் தெருப்பட்டறையும் மீண்டும் தர இயலாது. துருவை அறுத்தெடுத்து, தகடு வைத்துப் பற்றவைத்து, பிரைமர் அடித்து, உட்பொந்துகளில் துருத்தடுப்பு மெழுகு செலுத்துவதே இயன்ற வழி. இவ்வேலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வண்டியின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. துருவின்மேல் பட்டி பூசி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பளபளக்க வண்ணம் அடிப்பது எளிது. அது சில மாதங்களுக்கு மட்டுமே கண்ணுக்கு இதமளிக்கும்.

கணக்கையும் பார்ப்போம். காரின் காப்பீட்டு மதிப்பு தயாரிப்பாளரின் விலையையும் வண்டியின் வயதையும் கொண்டே கணிக்கப்படுகிறது. நான்காண்டைக் கடந்து ஐந்தாண்டுக்கு உட்பட்ட வண்டிக்கு அவ்விலையில் பாதி கழிக்கப்படும். நாம் அடித்த புதுவண்ணம் அம்மதிப்பை ஒரு ரூபாயும் உயர்த்தாது. கூடுதலாகப் பொருத்தியவற்றை முன்னரே அறிவித்துக் கட்டணம் செலுத்தாவிடில் அவற்றுக்கு இழப்பீடும் கிட்டாது. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகவே கருதப்படும். ஆகவே ஒப்பனைக்கு இடும் பணம் முதலீடாகாது. மனமகிழ்ச்சிக்கான செலவு என்று ஒப்புக்கொண்டே அதனைச் செய்தல் வேண்டும்.

மனமகிழ்ச்சியும் ஒரு பயன் அன்றோ என வினவலாம். ஆம், அதனை நாம் மறுக்கவில்லை. தந்தை ஓட்டிய ஹெரால்டைப் பழைய நிறத்திலேயே மீட்டெடுக்கும் மகன் பணத்தைத் திரும்பப் பெறுவதில்லை. ஒரு நினைவைப் பெறுகிறான். கடன் வாங்காமல், பிறர்க்கு இடரின்றிச் செய்யப்படும் அத்தகைய செலவைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

ஆயினும் இரண்டு அறங்களை மறத்தலாகாது. முதலாவது, தொழிலாளியின் மூச்சு. இன்றைய பாலியூரித்தேன் வண்ணங்களில் சேர்க்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது. முகத்தில் கட்டிய கைக்குட்டை அதனைத் தடுக்காது. பேரம் பேசிக் கூலியைக் குறைக்கும் நாம், வண்ணம் அடிக்கும் இளைஞர்க்குத் தக்க முகக்கவசமும் காற்றோட்டமான இடமும் உள்ளனவா என ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

இரண்டாவது, வாங்குபவரின் நம்பிக்கை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் புதுவண்ணத்தால் மூடி, 'நல்ல வண்டி' என்று விற்பது வணிகமன்று, வஞ்சகம். அறியாது வாங்கும் குடும்பத்தின் உயிரும் அதனுள் பயணம் செய்கிறது. பொருளின் குறையைச் சொல்லி விற்பதே வாணிப நெறி என்று நம் பெரியோர் கற்பித்தது இதற்கும் பொருந்தும்.

அக்குடும்பம் இறுதியில் துருவை நீக்கி அடித்தளத்தைச் செப்பம் செய்யவே பணத்தைச் செலவிட்டது. வெட்டிய இடங்களுக்கு மட்டும் பழைய நிறத்தையே பூசியது. வண்டி முன்போலவே எளிய தோற்றத்துடன் ஓடுகிறது. அதனைக் காணுந்தோறும் நமக்குத் தோன்றுவது இதுவே: இரும்பைக் காக்கும் வண்ணத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்; குறையை மறைக்கும் வண்ணம் இலவசமாகக் கிடைத்தாலும் அதன் விலை மிகுதி. பட்டறைப் படியேறும் முன் நாம் நாடுவது எந்த வண்ணத்தை என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.