பிளஸ் டூவுக்குப் பின் யாருடன் மஷூரா?

பிளஸ் டூ முடிவு வெளியானதும் நம் வீடுகளில் மஷூரா தொடங்கிவிடுகிறது. மாமா, சாச்சா, துபையிலிருக்கும் மச்சான் என அனைவரும் கருத்துரைக்கின்றனர். படிக்கப்போகும் பிள்ளையிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை. முடிவில் பொறியியல் என்றாகிறது. வட்டிக்கடனை அஞ்சும் தந்தையும், வேறு வழியில்லையென்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கையொப்பமிடுகிறார்.

வேறு வழியைத் தேடினோமா என்பதே நம் கேள்வி. கணிதம், இயற்பியல், வேதியியல் படித்த மாணவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே ஆண்டுகளில் டிப்ளமோ. விரும்பினால் அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. அரசு நிறுவனமெனில் கட்டணமும் குறைவு. மொத்தத்தில் ஓராண்டு கூடுகிறது, மெய்தான். ஆயினும் இடையிலேயே கையில் ஒரு தொழில் வந்துவிடுகிறதே! ஐ.டி.ஐ. என்றதும் முகஞ்சுளிப்போர், ஏசி பழுதுபார்க்க வருபவருக்குத் தாம் கொடுக்கும் கூலியை எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் தனி இடஒதுக்கீடு உண்டு; இன்று அது 3.5 விழுக்காடு. அதற்குரிய சாதிச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே பெற்றுவிட வேண்டும்.

இஸ்திகாரா தொழுவதற்கு முன், ஒவ்வொரு படிப்பின் கட்டணம், விடுதிச் செலவு, கடனெனில் அதன் வட்டி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். அத்தாளை முதலில் பிள்ளையிடம் கொடுங்கள்.