மனநல நூலையும் தரம் பார்த்து வாங்குவோம்

துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? குத்தூசி போட்டு ஒரு கை எடுத்துப் பார்க்கிறோம். கல் இருக்கிறதா, வண்டு விழுந்திருக்கிறதா, பழைய சரக்கா என்று பார்த்த பிறகே உள்ளே ஏற்றுகிறோம். ஆனால் மனம் சோர்ந்த ஒருவருக்குப் புத்தகம் வாங்கும்போது மட்டும் அட்டையைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். அந்தத் தவறை நானும் செய்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நமது கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வாடிப்போனார். விடியற்காலையில் கடை திறப்பவர் ஒன்பது மணிக்கும் திறப்பதில்லை. பற்று வரவு எழுதுவது நின்றது. கடன் தொல்லை என்று நினைத்து, தன்னம்பிக்கை நூல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பல மாதம் கழித்து அவர் சொன்னார்: "அண்ணாச்சி, அதைப் படித்ததும் நான் உதவாக்கரை என்றே முடிவு கட்டிவிட்டேன். இருந்து என்ன பயன் என்றுகூடத் தோன்றியது."

நல்லவேளை, அவர் மகள் வேறொரு புத்தகம் கொண்டுவந்தாள். மனநல மருத்துவர் ஒருவர் எழுதிய சிறு நூல். அதிலிருந்த அறிகுறிகளைப் படித்தவர், 'இது என்னைப் பற்றித்தானே' என்று அரசு மருத்துவமனைக்குப் போனார். இன்று பழையபடி கல்லாவில் அமர்ந்திருக்கிறார்.

தன்னம்பிக்கை நூல்களைக் குறை சொல்வதற்கில்லை. நடப்பவனை ஓடச் சொல்பவை அவை. கால் முறிந்தவனுக்கோ முதலில் கட்டுப் போட வேண்டும். மனச்சோர்வு என்பது சோம்பல் அல்ல. சிகிச்சை உள்ள நோய்.

ஆகவே வாங்குமுன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, பெயர். தமிழில் இந்நோய் மனச்சோர்வு, மனத்தளர்ச்சி, மன அழுத்தம் என்று பல பெயர்களில் வழங்குகிறது. இதில் 'மன அழுத்தம்' என்ற தலைப்புள்ள நூல் அன்றாட வேலைப் பளுவை மட்டுமே பேசுவதாக இருக்கலாம். பொருளடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். இரண்டாவது, எழுதியவர். மனநல மருத்துவரோ உளவியல் பயின்றவரோ எழுதியதா? நோயிலிருந்து மீண்டவர் எழுதியதும் நல்ல துணைதான்.

மூன்றாவது, பதிப்பு ஆண்டு. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை உண்டு என்று பழைய நூல்களில் இருக்கும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ, அப்படி முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே கொண்டு, தண்டிக்கக் கூடாது என்கிறது. நான்காவது, உள்ளே இருக்கும் சரக்கு. சோகமும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் நூல் நம்பத்தக்கது. 'ஏழே நாளில் குணம்', 'மாத்திரையை வீசுங்கள்' என்பவற்றை விலை குறைவு என்றாலும் தள்ளிவிடுங்கள்.

ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டாக்டர் விக்ரம் பட்டேல் எழுதிய 'வேர் தேர் இஸ் நோ சைக்கியாட்ரிஸ்ட்' 2003இல் வந்தது. 2018இல் இரண்டாம் பதிப்பு கண்டது. மனநல மருத்துவர் இல்லாத ஊரில் பணிபுரியும் சுகாதார ஊழியருக்காக எளிய நடையில் எழுதப்பட்ட நூல்.

இங்கிலாந்தில் 2013 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. நிபுணர்கள் தேர்ந்தெடுத்த மனநல நூல்களை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பொது நூலகத்தில் அவை இரவலாகக் கிடைக்கின்றன. நம் சங்க அலுவலகத்திலும் ஓர் அலமாரித் தட்டை இதற்கு ஒதுக்கினால் என்ன? அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு மருத்துவரிடம் கேட்டு ஐந்து நூல்கள் வாங்கினால் போதும். யார் எடுத்தார் என்று பேரேட்டில் எழுத வேண்டாம். திரும்பி வராவிட்டால் நஷ்டமாகக் கருதவும் வேண்டாம். யாருக்கோ அது தேவைப்படுகிறது என்று பொருள். வரும் மே 5 வணிகர் தினத்துக்குள் இதைச் செய்து முடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 'சாகலாம்' என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அவரிடம் புத்தகத்தை நீட்டாதீர்கள். கடையைச் சாத்திவிட்டு அவர் கூடவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' இலவச எண் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஒரு நாள் வியாபாரம் போனால் மறுநாள் பிடித்துக்கொள்ளலாம்.